பதினைந்து மணி நேரக் கடையும் 45 மணி நேர வாரமும்: பினாங்கு உணவக முதலாளியின் முன் உள்ள வழிகள்

ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்ட்ரீட் வட்டாரத்தில் நடக்கும் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்குத் தோசைக்கல் சூடேறுகிறது. இரவு 10 மணிக்குத் தரை கழுவப்படுகிறது. வாரத்தில் ஏழு நாளும் கடை உண்டு. குசினி, பரிமாறுதல், தண்ணீர் கலக்குமிடம், கல்லா எல்லாவற்றையும் சேர்த்து எந்த நேரத்திலும் எட்டுப் பேராவது நிற்க வேண்டும். அப்படியானால் அந்தக் கடைக்கு வாரத்துக்கு 840 ஆள்மணி (15 மணி, 7 நாள், 8 பேர்) வேலை தேவைப்படுகிறது. ஒரு தொழிலாளியிடம் சாதாரணச் சம்பளத்துக்குக் கேட்கக்கூடிய நேரமோ மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி வாரத்துக்கு 45 மணி மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது என்பதே இங்கு ஒப்பிடப்படும் விஷயம்.

பினாங்கில் சிறு கடைகள் சிலவற்றுக்குச் சம்பளக் கணக்கு எழுதித் தருபவன் என்ற முறையில், முதலாளிகள் பொதுவாக எடுக்கும் வழிகளைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை சட்டத்தை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. அப்பா காலத்தில் இருந்த ஏற்பாடு அப்படியே தொடர்வதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆனால் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அதற்கு முன்பு 48 ஆக இருந்த வார வேலை நேரத்தை 45 ஆகக் குறைத்துவிட்டது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 6 நாள் என்று எழுதப்பட்ட பழைய வேலை ஒப்பந்தம் இன்னும் கோப்பில் கிடக்கிறதென்றால், அதில் ஒவ்வொரு வாரமும் 3 மணி நேரம் ஓவர்டைமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதைக் கொடுக்காதவர் தம்மையறியாமலே கடன்பட்டுக்கொண்டிருக்கிறார்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு மணி நேரத்தின் விலையைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தவறுகள் தொடங்குவது அங்கேதான். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாளின் சாதாரண ஊதிய விகிதம் கிடைக்கும். அதை ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நாளின் இயல்பு வேலை நேரத்தால் வகுத்தால் மணி விகிதம். ஆறு நாள் வாரத்தில் 45 மணி என்றால் நாளுக்கு ஏழரை மணி. இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டும் அல்ல. ஒப்பந்தப்படி மாதந்தோறும் தவறாமல் ரொக்கமாகத் தரப்படும் படிகளும் அதில் சேரும். போக்குவரத்துப் படி, போனஸ், ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கு போன்றவை சேரா. அடிப்படை 1,700 ரிங்கிட்டும் நிலையான படி 250 ரிங்கிட்டும் வாங்கும் ஒருவருக்கு 1,950ஐ வகுக்க வேண்டும்: நாளுக்கு 75 ரிங்கிட், மணிக்கு 10 ரிங்கிட், ஓவர்டைம் ஒன்றரை மடங்காக 15 ரிங்கிட். 1,700ஐ மட்டும் வகுப்பவருக்கு ஓவர்டைம் 13.08 ரிங்கிட்டாக வரும். மணிக்கு 1.92 ரிங்கிட் குறைவு என்பது சிறிதாகத் தெரியலாம். மாதம் 65 மணி ஓவர்டைம் செய்யும் பதினான்கு பேருக்கு ஓர் ஆண்டில் அது ஏறக்குறைய 21,000 ரிங்கிட்.

1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்திருப்போருக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதற்கும் குறைவானோரை வைத்திருப்போருக்கும் பொருந்தும் குறைந்தபட்சச் சம்பளம். அது அடிப்படைச் சம்பளத்துக்கான எல்லை. ஆகவே படிகளையோ வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் சேவைக் கட்டணத்தையோ கூட்டி அந்த எல்லையைத் தொட முடியாது. சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பலாகாது என்று ஹோட்டல் துறை சார்ந்த வழக்கு ஒன்றில் 2021இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. மீறினால் முதல் குற்றத்துக்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு.

இனி நம் உதாரணக் கடை. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்; எல்லோரும் மேலே சொன்ன 1,950 ரிங்கிட் வாங்கும் உள்ளூர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்தால் 840 ஆள்மணி நிரம்பிவிடுகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர் இருந்தாலும் குறைந்தபட்சச் சம்பளமும் ஓவர்டைம் விகிதமும் மாறுவதில்லை, சேமநிதிப் பங்குதான் வேறுபடும்.

இருப்பவர்களைக் கொண்டே, நேரத்தை எண்ணிக் கொடுப்பது

நாளுக்கு இரண்டரை மணி ஓவர்டைம் என்றால் மாதம் 65 மணி, அதாவது 975 ரிங்கிட். ஒருவருக்கு மொத்தம் 2,925. பதினான்கு பேருக்கு 40,950. சேமநிதிக்கு முதலாளியின் 13 விழுக்காட்டைச் சேர்த்தால் ஏறக்குறைய 44,500 ரிங்கிட். ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி கட்ட வேண்டியதில்லை. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கட்டும் சந்தாவுக்கு மட்டும் அது கணக்கில் சேரும். மாதத்துக்கு 104 மணி என்ற ஓவர்டைம் உச்சவரம்புக்கும், ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 12 மணி என்ற எல்லைக்கும் உள்ளேயே இது நிற்கிறது.

இதன் பலம் என்னவென்றால் யாரையும் தேட வேண்டியதில்லை, யாரையும் இழக்க வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் ஷிப்ட் படியும் பேருந்தும் கொடுத்து ஆள் எடுக்கும் ஊரில், கைக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் வருகிறது என்பதற்காகவே ஒரு தோசை மாஸ்டர் கடையில் தங்குகிறார். இதன் பலவீனமும் வெளிப்படையானது. பத்து மணி நேரம் அடுப்பருகே நின்றவரின் கடைசி ஒரு மணி நேரம் முதல் ஒரு மணி நேரத்துக்குச் சமமானதல்ல. ஆனால் முதலாளி அதற்குத்தான் ஒன்றரை மடங்கு கொடுக்கிறார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கலாம் என்றால், 65இலிருந்து 104 வரை உள்ள 39 மணிதான் மிச்சம் இருக்கிறது.

காலை கொஞ்சம், மாலை கொஞ்சம்

உணவகத் தொழிலில் பலருக்கும் இயல்பாகத் தோன்றும் ஏற்பாடு இது. பசியாறும் நேரத்துக்கும் மதியச் சாப்பாட்டின் தொடக்கத்துக்கும் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை; நடுவில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வரலாம். தொழிலாளிக்கும் ஓய்வு, முதலாளிக்கும் வெறும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்று இரு தரப்பும் நினைக்கின்றன. இந்தக் கட்டுரையில் நான் ஒன்றைப் பற்றி அதிகமாகப் பேச வேண்டும் என்றால் அது இதைத்தான், ஏனென்றால் இதன் உண்மையான விலை யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்பதை மட்டும் எல்லையாக வைக்கவில்லை. ஒருவர் வேலையைத் தொடங்கிய நிமிடத்திலிருந்து அன்றைய வேலையை முடிக்கும் நிமிடம் வரை, நடுவில் உள்ள இடைவேளைகளையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்தக் காலம் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. தாண்டினால், அந்தப் பத்து மணி நேரம் முடிந்த கணத்திலிருந்து அவர் வேலையை விட்டுப் போகும் வரை உள்ள நேரம் முழுவதும் ஓவர்டைமாகவே கருதப்படும். அன்று அவர் உண்மையில் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது அங்கே எடுபடாது.

காலை 7 முதல் 12 வரை, மாலை 5 முதல் 10 வரை என்று ஒருவரை அழைத்தால், அவருடைய பத்து மணி நேரக் காலம் மாலை 5 மணிக்கே முடிந்துவிடுகிறது. மாலையில் அவர் செய்யும் ஐந்து மணி நேரமும் ஓவர்டைம். மாதத்துக்கு 130 மணி. முதலாவதாக, அது 104 மணி வரம்பை மீறுகிறது. இரண்டாவதாக, மணிக்கு 15 ரிங்கிட் வீதம் 1,950 ரிங்கிட் கொடுக்க வேண்டியிருக்கிறது. சம்பளம் எவ்வளவோ ஓவர்டைமும் அவ்வளவே. முந்தைய வழியில் அதே பத்து மணி நேர உழைப்புக்கு 2,925 கொடுத்த முதலாளி, இங்கே 3,900 கடன்படுகிறார். அவர் மனத்திலோ நடுவில் ஐந்து மணி நேரம் ஓய்வு கொடுத்த திருப்தி இருக்கிறது.

பிரித்து வேலை செய்ய வைப்பதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காலை 11 முதல் பிற்பகல் 3 வரை, மாலை ஐந்தரை முதல் இரவு 9 வரை என்று அமைத்தால் மொத்தக் காலம் சரியாகப் பத்து மணி, உழைப்பு ஏழரை மணி. ஒரு காசு ஓவர்டைம் இல்லை. மதியத்துக்கும் இரவுக்கும் மட்டும் தேவைப்படும் பரிமாறுபவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். பசியாறலையும் இரவுச் சாப்பாட்டையும் ஒரே ஆளைக் கொண்டு நடத்துவதுதான் இந்தச் சட்டத்தில் ஏறக்குறைய முடியாத காரியம்.

ஆள் கூட்டி இரண்டு ஷிப்ட் ஆக்குவது

840ஐ 45ஆல் வகுத்தால் பத்தொன்பது பேர். சம்பளம் 37,050, சேமநிதியோடு ஏறக்குறைய 41,870 ரிங்கிட். காகிதத்தில் இது ஓவர்டைம் வழியைவிட மாதம் 2,600 ரிங்கிட் மலிவு. கூடுதலாக வரும் ஐந்து பேருக்கும் வருடாந்திர விடுப்பு குறைந்தது 8 நாள், பொது விடுமுறை 11 நாள் என்று வேலை செய்யாத நாட்களுக்கும் சம்பளம் உண்டு. அதைப் பரப்பிப் பார்த்தால் மாதம் 600 ரிங்கிட் அளவில் போய்விடும். மருத்துவ விடுப்பு, சீருடை, சாப்பாடு எல்லாம் கழித்தாலும் ஓரளவு மிச்சம் இருக்கும் என்றுதான் கணக்குச் சொல்கிறது.

கணக்குச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. இப்போதுள்ள பதினான்கு பேரும் ஆளுக்கு 975 ரிங்கிட்டை ஒரே மாதத்தில் இழப்பார்கள். வேலை நேரம் குறைந்தது என்று மகிழ்பவர் ஒருவர் இருந்தால், வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்பவர் மூவர் இருப்பார்கள். அவர்களில் நான்கு பேர் விலகினால் முதலாளி தேட வேண்டியது ஐந்து பேரை அல்ல, ஒன்பது பேரை. தோசை மாஸ்டரையும் கறி மாஸ்டரையும் வேலை விளம்பரம் போட்டு எடுத்துவிடலாம் என்று நம்புபவர் உணவகம் நடத்திப் பார்க்காதவர்.

ஷிப்ட் வேலைக்குச் சட்டம் ஒரு நெகிழ்வைத் தருகிறது. ஒரு வாரம் 45ஐத் தாண்டினாலும் மூன்று வாரச் சராசரி 45ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். தைப்பூச வாரத்தில் நேரத்தைக் கூட்டி அடுத்த இரு வாரங்களில் குறைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இது உதவும். ஆனால் வேலை இடைவிடாமல் தொடர்வதும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஷிப்டாக உண்மையிலேயே அமைக்கப்பட்டிருப்பதும் அவசியம். ஓர் ஆளை இன்று காலையிலும் நாளை மாலையிலும் வரச் சொல்வதை மட்டும் ஷிப்ட் என்று அழைத்துவிட முடியாது.

பகுதி நேர ஊழியர்

பெரும்பாலான முதலாளிகள் பகுதி நேர ஊழியர் என்றால் சேமநிதி இல்லாத, விடுப்பு இல்லாத, நாள் கூலிக்கு வரும் ஆள் என்று நினைக்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் பகுதி நேர ஊழியர் விதிமுறைகள் அப்படிச் சொல்லவில்லை. முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மிகாமல் வேலை செய்பவர் பகுதி நேர ஊழியர். 45 மணி வாரத்தில் அது பதின்மூன்றரை மணிக்கு மேல், முப்பத்தொன்றரை மணிக்குள். அவருக்குச் சேமநிதியும் சொக்சோவும் உண்டு, ஆண்டுக்கு ஏழு பொது விடுமுறைகள் உண்டு, வேலைக் காலத்தைப் பொறுத்து ஆறு முதல் பதினொரு நாள் வரை வருடாந்திர விடுப்பும் உண்டு. மணிக்கூலியும் சட்டம் வைத்த குறைந்தபட்ச மணி விகிதத்துக்குக் குறையக் கூடாது.

அப்படியானால் இதில் என்ன ஆதாயம்? கடையின் நேரம் எல்லாம் ஒரே அடர்த்தியானதல்ல என்பதில்தான் ஆதாயம். எந்த நேரமும் எட்டுப் பேர் என்று மேலே வைத்தது வசதிக்காக. உண்மையில் பகல் 12 முதல் 2 வரை பன்னிரண்டு பேர் இருந்தாலும் போதாது, மாலை 4 மணிக்கு ஐந்து பேர் கொட்டாவி விடுவார்கள். முழு நேர ஆளை அந்த நெரிசலுக்கு ஏற்ப வெட்டி ஒட்ட முடியாது. பகுதி நேர ஆளை நெரிசலுக்கு மட்டும் அழைக்கலாம். இதைவிட முக்கியமான இன்னொன்று: பகுதி நேர ஊழியர் தம் நேரத்தைத் தாண்டி வேலை செய்தாலும், முழு நேர ஊழியரின் நேரத்தை எட்டும் வரை அவருக்குச் சாதாரண மணி விகிதமே போதும், அதற்கு மேல்தான் ஒன்றரை மடங்கு. நான்கு மணி நேரத்துக்கு வந்த மாணவர் கூட்டம் அதிகமானதால் ஆறு மணி நேரம் நின்றால், கூடுதல் இரண்டு மணிக்கு 10 ரிங்கிட் வீதம்தான், 15 அல்ல.

நம் கடையில் பன்னிரண்டு முழு நேர ஊழியர்கள் நாளுக்கு ஒன்றேகால் மணி மட்டும் ஓவர்டைம் செய்து வாரத்துக்கு 630 ஆள்மணியை நிரப்பினால், மீதி 210 மணியை எட்டு அல்லது ஒன்பது பகுதி நேர ஊழியர்களிடம் மணிக்கு 10 ரிங்கிட்டுக்குக் கொடுக்கலாம். சேமநிதியையும் சேர்த்து மாதச் செலவு ஏறக்குறைய 42,580 ரிங்கிட். ஷிப்ட் வழியைவிட 700 ரிங்கிட் அளவுக்கு அதிகம், முழு ஓவர்டைம் வழியைவிட 1,900 குறைவு. பழைய ஆட்களின் கைக்கு இன்னும் 2,437.50 ரிங்கிட் வருகிறது. அவர்கள் ஓடிப்போக மாட்டார்கள். என் கணிப்பில், பினாங்குத் தீவில் குளுகோர் பக்கம் பல்கலைக்கழக மாணவர்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான்கு மணி நேரம் வேலை தேடும் தாய்மாரும் கிடைக்கும் வரை, இதுதான் நல்ல வழி. ஆனால் குசினிக்கு இது உதவாது. கறி மாஸ்டரின் இடத்தில் மாணவரை நிறுத்த முடியாது. பகுதி நேரம் என்பது முன்கடைக்கு மட்டுமே உரியது. தேர்வுக் காலத்தில் மூன்று பேர் ஒரே வாரத்தில் வராமல் போவதற்கும் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சேர்த்து ஒரு தொகை

“எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூறு” என்று வாய்ச்சொல்லாகப் பேசி முடிப்பது நம்மவர் கடைகளில் மிகப் பழைய வழக்கம். கணக்கு எழுதுபவருக்கும் இது எளிது, மாதம் முழுவதும் யாரும் மணியைப் பார்க்க வேண்டியதில்லை. ஒப்பிடப்படும் வழிகளிலேயே ஆபத்து மிகுந்தது இதுதான் என்பது என் கருத்து.

அந்த 2,600இல் எவ்வளவு சம்பளம், எவ்வளவு ஓவர்டைம் என்று எங்கும் எழுதியிருக்காவிட்டால், அது முழுவதும் இயல்பு நேரத்துக்கான சம்பளம்தான் என்று தொழிலாளி வாதிட இடம் கிடைத்துவிடுகிறது. அந்த வாதம் எடுபட்டால் நாள் விகிதம் 100 ரிங்கிட், மணி விகிதம் 13.33, ஓவர்டைம் 20 ரிங்கிட். மாதம் 65 மணிக்கு 1,300 ரிங்கிட் பாக்கி. ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு 15,600. அதாவது, கொஞ்சம் தாராளமாகக் கொடுத்த தொகையே ஓவர்டைம் விகிதத்தை உயர்த்தி முதலாளிக்கு எதிராக நிற்கிறது. தொழிலாளி அப்போது சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார் என்று சொல்வதும் பயன்படாது. சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையைவிடக் குறைவான ஒப்பந்த விதி செல்லாது என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது.

ஒரே தொகைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் அதைத் திருத்தமாகச் செய்யலாம். ஒப்பந்தத்திலும் சம்பளச் சீட்டிலும் சம்பளம் 1,950 எனவும், முதல் 43 மணி ஓவர்டைமுக்கான தொகை 645 எனவும் தனித்தனியே எழுத வேண்டும். 43ஐத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் 15 ரிங்கிட் தர வேண்டும். குறைந்தாலும் 645ஐக் குறைக்கக் கூடாது. ஆனால் 43ஐத் தாண்டியதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள மணியை எண்ணத்தான் வேண்டும். எண்ணுவது என்று ஆகிவிட்டால் முதல் வழிக்கே போய்விடலாமே என்பதுதான் என் கேள்வி.

4,000 ரிங்கிட்டைத் தாண்ட வைப்பது

2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டம் சம்பள அளவு பாராமல் எல்லா ஊழியருக்கும் பொருந்துகிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு மட்டும் ஓவர்டைம், ஓய்வு நாள் வேலை, பொது விடுமுறை வேலை ஆகியவற்றுக்கான கட்டண விகிதம் போன்ற சில பிரிவுகள் பொருந்துவதில்லை. 3,700 வாங்கும் கடை மேலாளருக்கு ஒரு மணி ஓவர்டைம் 28 ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது. அவருக்கு 301 ரிங்கிட் கூட்டிக் கொடுத்தால் பதினொரு மணி நேர ஓவர்டைம் செலவோடு விஷயம் முடிந்துவிடுமே என்ற யோசனை எழுவது இயல்பு.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும். 4,000ஐக் கணக்கிடும்போது கமிஷனும் ஓவர்டைம் பணமும் சேரா; ஆகவே ஓவர்டைமால் 4,200 தொட்டவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். வார 45 மணி என்ற எல்லை அவருக்கும் உண்டு. விலகியது கட்டண விகிதம் மட்டுமே. மூன்றாவது, உடலுழைப்பு வேலை செய்வோருக்கும், அப்படிச் செய்வோரை வேலை நேரம் முழுவதும் மேற்பார்வையிடுவோருக்கும் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. சூப்பர்வைசர் என்ற பெயரைச் சட்டையில் குத்திவிட்டு, அதே ஆளைக் குசினியில் பாத்திரம் தூக்க வைத்தால் அந்தப் பெயர் அவரைக் காப்பாற்றாது; முதலாளியையும் காப்பாற்றாது. உண்மையிலேயே கொள்முதல், கணக்கு, பணி அட்டவணை ஆகியவற்றைப் பார்க்கும் ஒரே ஒருவருக்கு மட்டும் இந்த வழி சரி.

ஒப்பந்தக்காரரிடம் ஆள் எடுப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர், தொழிலாளர் விவகாரங்களைப் பார்க்கும் அரசுத் துறையான ஆள்பல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் தம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் போனால், மூன்று மாதச் சம்பளம் வரை வேலை வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பேற்க நேரும். ஒரு சிறு கடைக்கு இது செலவைக் குறைப்பதும் இல்லை, கவலையைக் குறைப்பதும் இல்லை.

எந்த வழியை எடுத்தாலும், விடுமுறைக் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். பொது விடுமுறையில் வேலை செய்பவருக்கு அந்த நாளின் சம்பளத்தோடு மேலும் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். நம் கடையில் பதினான்கு பேரும் வந்தால் ஒரே நாளில் கூடுதலாக 2,100 ரிங்கிட். அன்று இயல்பு நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் மும்மடங்கு, அதாவது 30 ரிங்கிட். கட்டாயம் கொடுக்க வேண்டிய பதினொரு விடுமுறைகளில் ஐந்தைச் சட்டமே குறித்துவிட்டது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், பினாங்கு ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கிளை வைத்திருப்பவருக்கு அங்கே ஆளுநர் பிறந்தநாளுக்குப் பதிலாகக் கூட்டரசுப் பிரதேச தினம். மீதி ஆறை, அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். தொழிலாளியின் சம்மதத்தோடு அவற்றுக்குப் பதிலாக வேறு நாளையும் கொடுக்கலாம்.

தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறை. தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டத்தால் உணவகங்களுக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த நாட்களில் ஒன்றும் அதுவே. அந்த ஆறில் தைப்பூசத்தைச் சேர்த்துவிட்டு அன்று எல்லோரையும் வேலைக்கு அழைப்பவர் 2,100 ரிங்கிட் கொடுப்பார். அதை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தவர்களுக்கு அந்தக் கூடுதல் இல்லை. ஆனால் காவடி எடுக்கவும் பால்குடம் தூக்கவும் வேண்டுதல் உள்ளவர்களிடம் அந்தச் சம்மதத்தைக் கேட்பதே தவறு என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அன்று விடுமுறை கொடுத்துவிட்டு, சம்மதிப்பவர்களோடு மட்டும் நாளை மாற்றிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

கடைசியாகப் பதிவேடு. வேலைக்கு வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம் மணி, அதற்கான விகிதம், பிடித்தம் ஆகியவை ஒவ்வொருவருக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவேட்டை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சம்பளம் அந்தக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். ஓவர்டைமுக்கும் விடுமுறை வேலைக்கும் உரிய பணத்தை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை தரலாம் என்பதால், மாத இறுதியில் மணிகளை அவசரமாக ஊகித்து எழுதத் தேவையில்லை. பொதுவான மீறலுக்கு அபராதம் 50,000 ரிங்கிட் வரை போகலாம். ஆள்பல இலாகாவில் ஒரு தொழிலாளி சம்பளப் புகார் கொடுத்து விசாரணை நடக்கும்போது, முதலாளியின் கையில் பதிவேடு இல்லையென்றால், தொழிலாளி தம் கைப்பேசியில் தேதி தேதியாகக் குறித்து வைத்த பட்டியல் மட்டுமே மேசையில் இருக்கும்.

பகுதி நேரத்தையும் ஓவர்டைமையும் கலந்து நடத்த முடிவெடுத்த ஒரு முதலாளி யாரையும் நீக்கவில்லை. இரண்டு பேர் தாமாக விலகிய இடங்களை நிரப்பாமல் விட்டு, மதியத்துக்கு மாணவர்களை எடுத்தார். அதற்கு முன்பே விரல் ரேகை பதியும் கருவி ஒன்றை வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். முதல் மாத முடிவில் அந்தக் கருவி காட்டிய ஓவர்டைம், அவர் மனக்கணக்கில் வைத்திருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. மாலை 4 மணிக்குக் குசினியில் யாருக்கும் வேலை இல்லாதிருந்தது இத்தனை நாளும் அவர் கண்ணில் படவில்லை.